பாதி வேகத்தில் ஒரு சோலோ

ஃபஹீமா முதன்முதலாக கிடாரை மீட்டிய அன்று கடலூர்க் கடல் காதைப் பொத்திக்கொண்டு பின்வாங்கியது. பக்கத்து வீட்டுப் பூனை ஓடியது ஓடியதுதான். திட்டக்குடியில் பார்த்ததாகச் சொல்கிறார்கள்.

ஃபஹீமாவுக்கு எட்டு வயது. கிடார் அவள் கைக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் துபாயில் வேலை பார்க்கும் வாப்பாவிடம் போனில் அளந்துவிட்டாள்.

"வாப்பா, நீங்க வர்ற அன்னிக்கு ராக் பாட்டு வாசிப்பேன். நடுவுல பாடுறவர் நிறுத்திக்குவாருல்ல, அப்ப கிடார் மட்டும் தனியா வருமே, சோலோ, அதையும் வாசிப்பேன்!"

வாப்பாவுக்கு ராக் என்றால் உயிர். "நெசமாவா புள்ள? அடுத்த மாசம் லீவு. அதைக் கேக்கவே பறந்து வர்றேன்!" என்றார்.

போனை வைத்ததும் ஃபஹீமா எதிர்வீட்டுக்கு ஓடினாள். அவள் கிடாரில் வருவது 'டொய்ங்' ஒன்றுதான்.

"லேசான சோலோவா பாத்துத் தேடுவோம்டீ. உலகத்துல ஒண்ணுகூடவா இருக்காது?" என்றாள் எதிர்வீட்டு இளமதி.

இருவரும் உம்மாவின் போனில் தேடினார்கள். முதல் பாட்டில் கிடார்க்காரரின் விரல்களே கண்ணுக்குத் தெரியவில்லை. லட்சம் தேனீக்கள் ஒரே நேரத்தில் கூட்டைவிட்டுக் கிளம்பின மாதிரி இருந்தது. இரண்டாவது பாட்டில் சோலோ தொடங்கும்போது உம்மா உலை வைத்தார். அது முடிவதற்குள் எல்லோரும் சாப்பிட்டுக் கையே கழுவிவிட்டார்கள். மூன்றாவது பாட்டில் அந்த மனிதர் கிடாரைத் தூக்கிப் பல்லாலேயே வாசித்தார்.

"இது வேணாம். எனக்கு முன்பல் இன்னும் முளைக்கல," என்றாள் ஃபஹீமா.

'புதிதாகப் படிப்பவர்களுக்கு மிக எளிது' என்று போட்டிருந்த பாட்டுகளும் அப்படித்தான். யாருக்கு எளிது? எட்டுக் கை இருப்பவர்களுக்கா?

இந்தக் கவலையில் ஃபஹீமா கம்பியை முறுக்கு முறுக்கென்று முறுக்க, அது பட்டென்று அறுந்தது. கிடாரைக் கொடுத்த ஹசன் மாமாவிடமே போய்ச் சரிசெய்ய வேண்டும். அவர் இருப்பது சிதம்பரத்தில்.

ஞாயிற்றுக்கிழமை உம்மா, மடியில் குட்டித் தம்பி அன்வர், ஃபஹீமா, இளமதி எல்லோரும் பஸ் ஏறினார்கள். அன்வர், வாப்பா துபாய் போன பிறகு பிறந்தவன். அவன் அழ ஆரம்பித்தால் பஸ் ஹாரன் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்ளும்.

ஆளுக்கு ஒரு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு இருவரும் பாட்டுத் தேடினார்கள். ஆலப்பாக்கம் வந்தபோது ஃபஹீமாவுக்கு ஒன்று தோன்றியது.

"வாயால முனக முடியாததை விரலால எப்படிடீ வாசிக்கிறது? ஒவ்வொரு சோலோவா முனகிப் பாக்குறேன். முனக வந்தா வெச்சுக்கலாம். வரலைன்னா தள்ளிடு."

"ம்ம்ம்... ங்ங்ங்... வரல. தள்ளு!"

கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். "என்னம்மா, பஸ்ஸுக்குள்ள வண்டு பூந்துடுச்சா?"

புதுச்சத்திரம் தாண்டியது. பாட்டுகள் விழுந்துகொண்டே வந்தன. சிதம்பரம் கோபுரம் தூரத்தில் தெரிந்தபோது ஒரு பாட்டு வந்தது. அதில் பாடகர் பாடி முடித்த மெட்டையே கிடார் ஒருமுறை திருப்பிச் சொன்னது. அவ்வளவுதான் சோலோ! ஃபஹீமா அதை முதலிலிருந்து கடைசிவரை முனகிவிட்டாள். இறங்கும்போது பார்த்தால் கண்டக்டரும் அதையே முனகிக்கொண்டிருந்தார்.

"ஏன் மருமவளே, கம்பியை முறுக்குனியா, இல்ல கெணத்துல தண்ணி எறைச்சியா?" என்று சிரித்தபடி ஹசன் மாமா புதுக் கம்பி மாட்டிக் கொடுத்தார்.

பாட்டு கிடைத்துவிட்டது. ஆனால் அது ஓடும், ஃபஹீமாவின் விரல்கள் நடக்கும். அதனால் போனில் பாட்டைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, சாயங்காலம் தவறாமல் கூடவே வாசித்துப் பழகினாள். அந்த நேரம் தூளியில் கிடக்கும் அன்வர் அழுகையை நிறுத்திவிட்டு, கண்ணை உருட்டி உருட்டிக் கேட்பான். அப்படியே தூங்கிப்போவான்.

"நிறுத்தாதே புள்ள, இப்பதான் அசர்றான்," என்பார் உம்மா.

வாப்பா வரும் அன்று காலையில்தான் முழு வேகமும் விரலுக்கு வந்தது. ஒரு பிசிறு இல்லை! கேட்டுக்கொண்டிருந்த இளமதி, வாயில் இருந்த முறுக்கைக் கடிக்காமலே விழுங்கிவிட்டாள்.

"இன்னிக்கு உங்க வாப்பா கூரையைப் பிச்சுக்கிட்டுக் குதிக்கப் போறாரு பாரு!"

மதியம் வாப்பா வந்தார். பெட்டியைக்கூட உள்ளே வைக்கவில்லை. "எங்க என் சின்ன ராஜா?" என்று அன்வரை வாரி எடுத்தார்.

அன்வர் அவர் முகத்தைப் பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான். பிறகு வீரிட்டான் பாருங்கள், கெடிலம் ஆறு பயந்து வந்த வழியே திரும்பியிருக்கும்!

வாப்பா கிலுகிலுப்பை ஆட்டினார். குரங்கு மாதிரி முகத்தைக் கோணினார். அழுகை ஏறியதே தவிர இறங்கவில்லை.

உம்மா கையை நீட்டினார். "கொடுங்க, நான் பாத்துக்கிறேன்."

"பரவாயில்ல அமீனா. என்னை அவனுக்கு எப்படித் தெரியும்?" என்றார் வாப்பா. சிரிக்கத்தான் பார்த்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. "ஃபஹீமா, நீ வாசி புள்ள. உன் சோலோவையாவது கேப்போம்."

ஃபஹீமா கிடாரை எடுத்தாள். விரல்கள் குதிரை மாதிரி துடித்தன. முழு வேகம்! காலையில் வந்ததே! ஜன்னலில் இளமதி வேறு, "விடுடீ, பறக்கவிடு!" என்று சைகை காட்டினாள்.

ஃபஹீமா அன்வரைப் பார்த்தாள். வாப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"தம்பியைக் கொடுத்துடாதீங்க வாப்பா. தோள்லயே வெச்சுக்குங்க," என்றாள்.

பிறகு மெதுவாக, பாதி வேகத்தில், தூளிப் பக்கம் உட்கார்ந்து வாசிப்பாளே, அப்படியே வாசித்தாள்.

அன்வரின் அழுகை நடுவிலே நின்றது. ஒரு விக்கல். இன்னொரு விக்கல். கண்ணை உருட்டிக் கிடாரைப் பார்த்தான். நிமிர்ந்து, தன்னைப் பிடித்திருக்கும் ஆளைப் பார்த்தான். அப்புறம் அந்தத் தோளிலேயே தலையைச் சாய்த்து, சட்டைக் காலரை இறுகப் பிடித்துக்கொண்டான்.

வாப்பா மூச்சுவிடவே பயந்தார். மூக்கின்மேல் ஒரு கொசு வந்து உட்கார்ந்து வயிறார விருந்து சாப்பிட்டது. அவர் அசையவில்லை. கண்கள் மட்டும் பளபளத்தன.

ஃபஹீமா அவர் காதருகே போய்க் கிசுகிசுத்தாள். "எனக்கு வேகமாவும் வாசிக்க வரும் வாப்பா. நெசமா."

"தெரியும்டா," என்று வாப்பா உதட்டை மட்டும் அசைத்தார். "அதை நாளைக்குக் கேக்குறேன். இப்ப இதையே இன்னொரு தடவை வாசி."