வின்சாஸின் கடிவாளம்

என் தம்பி நடேசனின் விலை நாலாயிரத்து இருநூறு மார்க். கொழும்பிலிருந்து கிழக்கு பெர்லினுக்கு விமானம், அங்கிருந்து ரயிலில் மேற்குப் பக்கம். ஆட்களைக் களவாக அனுப்பும் ஏஜென்சிக்காரனோடு மூன்று நாள் பேரம் பேசியும் ஒரு சதம் இறங்கவில்லை. யாழ்ப்பாணம் பெரிய கடைச் சந்தைத் தெருவில் வளர்ந்த எனக்கு அது மானக்கேடு. கையில் அறுநூறு குறைந்தது.

எண்பத்தைந்தாம் ஆண்டு. ஹனோவருக்கு அருகே ஒரு கிராமத்தில் எங்கள் அகதி விடுதி. பக்கத்து வீட்டில் வின்சாஸ் என்ற லித்துவேனியக் கிழவர். உலகப் போர்க்காலத்தில் ஒற்றைக் குதிரை வண்டியில் தப்பி வந்தவர். இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளின் கூரை முகட்டில் இரண்டு மரக் குதிரைத் தலைகள் குறுக்காக நிற்கும். அவர் ஊரிலும் அப்படித்தானாம். அதைக் கண்டே இங்கே தங்கிவிட்டார். வந்த வருடமே குதிரை செத்தது. வெள்ளிக் குமிழ் பதித்த அதன் கடிவாளம் அவர் கட்டிலுக்கு மேல் தொங்கியது. நான் விறகு கொத்திக் கொடுப்பேன்; அவர் சூப் தருவார்.

சாகக் கிடந்தபோது என் கையைப் பிடித்தார். எங்கள் இருவருடைய ஜெர்மனையும் கூட்டினாலும் ஒரு முழு ஜெர்மன் தேறாது. ஆனாலும் விளங்கியது.

“கடிவாளத்தை என் சவப்பெட்டிக்குள் வை. எங்களில் செத்தவன் தன் குதிரையில் ஏறித்தான் போவான். கடிவாளம் இல்லாவிட்டால் அது வேறு யாரையாவது ஏற்றிக்கொண்டு போய்விடும்.”

ஓம் என்று தலையாட்டினேன்.

நவம்பரில் போய்ச் சேர்ந்தார். பிரேதத்துக்குச் சட்டை மாட்டியவன் நான்தான். கடிவாளம் ஹனோவர் பழைய சாமான் சந்தைக்குப் போனது. முந்நூறு என்றவனிடம் அறுநூற்றைம்பது வாங்கினேன். மிஞ்சிய ஐம்பதுக்குக் கிழவருக்குப் பூ. பெட்டிக்குள், அவர் விரல்களுக்கிடையே, உடுப்புக் காயப்போடும் நைலோன் கயிற்றை முடிச்சுப் போட்டுத் துணியில் சுற்றி வைத்தேன். செத்த வாடிக்கையாளர் பொட்டலத்தைப் பிரித்துப் பார்ப்பதில்லை.

“பிரேதத்துக்கே நிறை குறைச்சுக் குடுத்த யாவாரி நீ ஒருத்தன்தான்ரா, கனகலிங்கம்,” என்றார் விடுதியில் என் அறையைப் பங்கிட்ட இன்னாசித்தம்பி அண்ணை.

“சீவனோடை இருக்கிறவன்தான் முதல், அண்ணை. அவருக்குப் பிறகு ஒண்டு செய்து குடுக்கிறன்.”

“எங்கை கொண்டுபோய்க் குடுப்பாய்?”

நடேசன் விமானம் ஏறிய நாள், மாலை நாலு மணிக்கே இருண்டுவிட்டது. முற்றத்துக் கற்களில் குளம்புச் சத்தம்.

டக். டக். டக். டக்.

ஜன்னலைத் திறந்தேன். பனி மூடிய முற்றம்.

ஒரு தடமும் இல்லை.

நனைந்த தோலும் குதிரை வியர்வையும் கலந்த வாடை மட்டும் உள்ளே வந்து நின்றது.

“அண்ணை, கேக்குதோ?”

அண்ணை செபமாலையைத் தடவி எடுத்தார். “ஜன்னலைச் சாத்து.”

சத்தம் மூன்று முறை முற்றத்தைச் சுற்றியது. பாரமில்லாத நடை. ஆள் தேடும் நடை.

பிறகு கிழக்கே போனது.

மறுநாள் விடுதித் தொலைபேசியில் ஏஜென்சிக்காரன். “கனகு அண்ணை, அவனோடை பிளேன் ஏறின மற்ற நாலு பேரும் வந்திட்டாங்கள். உங்கடை தம்பி…”

“பிடிச்சுப்போட்டாங்களோ?”

“இல்லை. கிழக்கு பெர்லின் ஸ்டேசன் வாசலிலை ஒரு சிவப்புக் குதிரை நிண்டதாம். வாயிலை கடிவாளம் இல்லையாம். ‘அண்ணை அனுப்பினது’ எண்டு சொல்லிப்போட்டு ஏறினவனாம்.”

சைக்கிளில் ஏறவே பயப்படுகிறவன் என் தம்பி.

அறைக்குத் திரும்பினேன். கதவுக் கைப்பிடியில் நைலோன் கயிறு தொங்கியது. புதைகுழி மண் ஒட்டியிருந்தது. முடிச்சு நான் போட்ட முடிச்சுத்தான். பொருள் பிழையென்று திரும்பி வந்த சரக்கு.

எட்டு வாரம் சந்தையில் அலைந்தேன். வாங்கியவன் அகப்பட்டான். வெள்ளியை உருக்கிவிட்டானாம்.

இப்போதும் நாலு மணிக்கு அது வருகிறது. வண்டிகள் மூட்டை இறக்கும் தெருவில் வளர்ந்த காதுக்கு வித்தியாசம் தெரியும்: இது பாரம் ஏற்றிய நடை. ஜன்னலடியில் வரும்போது மேலிருந்து ஒருவன் இருமுகிறான். நடேசனின் இருமல். கடிவாளமில்லாத குதிரையை நிறுத்த யாராலும் ஏலாது.

வரவு: அறுநூற்றைம்பது மார்க், ஒரு நைலோன் கயிறு.

பற்று: ஒரு தம்பி.

குதிரைக்குப் பின்னால், ஊன்றுகோலைத் தட்டித் தட்டி, ஒரு கிழவர் நடந்தே வருகிறார். அவர் பாக்கி அப்படியே நிற்கிறது.