தவறான திசையில் ஒரு சிங்கம்

“யார் உங்களைக் கூப்பிடச் சொன்னது?”

சேற்றைக் கிழித்துக்கொண்டு வந்து நின்ற ஜீப்பிலிருந்து கேள்வி மட்டும் இறங்கியது. கேட்டவள் இறங்கவில்லை.

லெமாயான் கேமராவிலிருந்து கண்ணை எடுத்துத் திரும்பினான். மழையில் நனைந்த நெற்றி... கோபத்தில் இன்னும் கறுத்த விழிகள்... மேலுதட்டுக்கு மேலே ஒரே ஒரு மச்சம்.

“சிங்கத்தைப் பார்த்தா ரேடியோவில எல்லாருக்கும் சொல்லணும். அதுதானேங்க வழக்கம்?”

“குட்டியை வாயில கவ்விட்டுப் போற சிங்கத்தைப் பார்த்தா வாயை மூடிக்கணும். அதுவும் வழக்கம்தான். உங்க ஊரு சம்புருவில சொல்லித் தரலையா?”

“அங்க சிங்கத்தைவிட ஜீப் கம்மிங்க...”

சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்தான். வரவில்லை. அவள் கை நீட்டிய பக்கம் பார்த்தான். புதரைச் சுற்றி வட்டம் கட்டி நின்றன ஜீப்புகள். உள்ளே, கிழிந்த காதுள்ள அந்தப் பெண் சிங்கம் குட்டிகளின் மேல் கவிந்து உறுமியது.

சிங்கங்களைப் படமெடுத்து அடையாளம் காணும் வேலைக்காக, கென்யாவின் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்குப் புதிதாக வந்தவன் அவன். அவள் நைசூலா. பயணிகளை ஏற்றி ஜீப் ஓட்டும் சில பெண்களில் ஒருத்தி. கண் திறக்காத அந்தக் குட்டிகளுக்காகத்தான் இத்தனை நாளும் அந்தப் புதரில் ஒன்றுமே இல்லாததுபோல் கடந்து போய்க்கொண்டிருந்தாள்.

மறுநாள் விடிந்தபோது புதர் காலி.

“அதுங்களுக்கு ஏதாவது ஆயிருந்தா ஆயுசுக்கும் உங்ககூடப் பேச மாட்டேன்” என்றாள். அதோடு சரி.

பேசாமல் இருப்பது சுலபமாகத்தான் இருந்தது. கேட்காமல் இருப்பதுதான்...

தினமும் பொழுது புலரும்போது அவன் குரல் ரேடியோவில் வரும். “மாரா விழிச்சாச்சா?” என்று ஆரம்பிப்பான். எந்தச் சிங்கம் எங்கே படுத்திருக்கிறது, எது யாரோடு சண்டை போட்டது... வீட்டு விசேஷம்போலச் சொல்வான். மீசைமயிருக்கு மேலே இருக்கும் புள்ளிகள் ஒவ்வொரு சிங்கத்துக்கும் வேறு வேறாம். அதை வைத்தே பெயர் சொல்லிவிடுவான். முதலில் ஒலியைக் குறைத்து வைத்தாள் நைசூலா. பிறகு, யாரும் பார்க்காதபோது கூட்டினாள்.

ஒருநாள் காலை, “ஆத்தங்கரையில ரெண்டு ஆண் சிங்கம், சீக்கிரம் வாங்க” என்று கூப்பிட்டான். எல்லா ஜீப்பும் பறந்தன. அங்கே இருந்தவை இரண்டு பழுப்புக் கற்கள்.

“தம்பிக்குக் கண்ணாடி வாங்கிக் குடுங்கப்பா” என்று ரேடியோவிலேயே கேலி செய்தார் செருயோட். எல்லோருக்கும் மூத்த ஓட்டுநர். நைசூலாவும் சிரித்துவிட்டாள்.

அடுத்த வாரம் ஒரு பள்ளத்துக்குக் கூப்பிட்டான்; அங்கேயும் அப்படியே. அதற்கடுத்த வாரமும். பயணிகள் முணுமுணுத்தார்கள். ‘குருடன்’ என்ற பெயர் நிலைத்தது. “இனிமே நீ வாயைத் திறக்காதே” என்று செருயோட் கண்டிப்பாகச் சொன்ன மறுநாள், அந்தக் காலைக் குரல் நின்றது.

மழை பெய்தது. புல் வளர்ந்தது. ரேடியோவில் யார் யாரோ பேசினார்கள்...

தேநீர்க் கடையில் எண்ணெயில் பொரித்த மந்தாசியைப் பிட்டுக்கொண்டே செருயோட் சொன்னார். “குருடன் நாளைக்கு ஊருக்குப் போறானாம்மா. இன்னும் ஒரு வருஷம் இருக்கியான்னு ஆபீஸ்ல கேட்டாங்களாம். வேணாம்னுட்டான். எல்லாரும் சிரிக்கிற இடத்துல எவன் இருப்பான்?”

நைசூலா பாதித் தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

பயணிகளை விமானத்தில் ஏற்றிவிட்டு, சாயங்காலம் தனியே திரும்பிக்கொண்டிருந்தாள். வெள்ளைப் பாறைக் குன்றின் பின்னால் அவன் ஜீப் தெரிந்தது. போக வேண்டாம் என்றது மனம். ஸ்டீயரிங் கேட்கவில்லை.

அவன் உதட்டில் விரல் வைத்து, சரிவைக் காட்டினான்.

கிழிந்த காதுடன் அவள்... அந்தத் தாய். பின்னால் உருண்டு வந்தன மூன்று குட்டிகள். கீழே காத்திருந்த கூட்டத்துப் பெண் சிங்கங்கள் ஒவ்வொரு குட்டியாக முகர்ந்து, நக்கி, ஏற்றுக்கொண்டன.

நைசூலாவின் கண்கள் நிறைந்தன. “எப்போ கண்டுபிடிச்சீங்க?”

“மறுநாளே.”

“எங்கிட்ட சொல்லலையே...”

“நீங்கதான் பேச மாட்டேன்னீங்களே.”

அவள் திரும்பிப் பார்த்தாள். அந்த ஆற்றங்கரை... பிறகு கூப்பிட்ட பள்ளம்... எல்லாமே இந்தக் குன்றுக்கு நேர் எதிர்ப்பக்கம்.

“அப்போ அந்தக் கல்லு?”

“ஜீப்பெல்லாம் இந்தப் பக்கம் திரும்புச்சு. வாயை மூடிக்கணும்னு சொன்னீங்க, எனக்கு அது வரல. அதான் வேற திசையைக் காட்டிட்டேன்.”

“எல்லாரும் சிரிச்சாங்க... நானும்தான்.”

“கேட்டுச்சு. அதுக்காகவே இன்னொரு தடவை கூப்பிடலாம்னு இருந்துச்சு.”

அவள் தலை குனிந்தாள். அவன் கேமராவை மூடிப் பையில் வைத்தான். “சிங்கத்தை மறந்துடாம இருக்கப் படம் எடுப்பேன். உங்களுக்குப் படம் வேணாம். உதட்டுக்கு மேல ஒரே ஒரு புள்ளி... எங்க போனாலும் மறக்காது.”

எங்க போனாலும்...

நைசூலா ரேடியோவை எடுத்தாள்.

“எல்லாரும் கேளுங்க. வெள்ளைப் பாறைக் குன்றுகிட்ட சிங்கக் கூட்டம், கூடவே மூணு குட்டி. குட்டிங்க கூட்டத்துல சேர்ந்தாச்சு, இனிமே சொல்லலாம். இத்தனை நாளா உங்களை வேற பக்கம் அனுப்பி இதுங்களைக் காப்பாத்தினது லெமாயான். அவருக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது.”

செருயோட்டின் குரல் வந்தது. “அதை ஏம்மா நீ சொல்ற? அவனுக்கு வாயில்லையா?”

“அவர் நாளைக்குப் போறாரு அண்ணே. போக வேணாம்னு சொல்லணும்.”

“எதுக்குப் போக வேணாம்? காரணத்தைச் சொல்லு, கேப்போம்.”

மாரா முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் அவனைப் பார்த்தபடியே சொன்னாள்.

“இவர் குரல் கேக்காம எனக்கு விடியவே மாட்டேங்குது அண்ணே... இவரை எனக்குப் பிடிச்சிருக்கு.”

அவள் விரல்களோடு சேர்த்தே ரேடியோவைப் பிடித்து, தன் உதட்டருகே கொண்டுபோனான் லெமாயான்.

“மாரா விழிச்சாச்சா?”

“பொழுது சாயுதுடா குருடா...”

“எனக்கு இப்பத்தான் அண்ணே விடியுது. நான் போகல.”