கத்தியவருக்கு முதல் மேஜை

“டிரைவர் செத்துட்டார் சார்!”

கூடாரத்தின் திரையை விலக்கிக்கொண்டு நர்ஸ் சொன்னாள்.

சர்ஜனின் கையில் ஊசி அப்படியே நின்றது.

மேஜையில் கர்னல். தொடையில் ஒரு கீறல். தையல் எதற்கு, பிளாஸ்திரி ஒட்டினாலே போதும்!

தூரத்தில் ஷெல் விழுந்தது. கூடாரம் சிலிர்த்துக்கொண்டது.

போர்முனை ஆஸ்பத்திரியில் ஒரு விதி உண்டு. கத்துகிறவன் காத்திருக்கலாம்... கத்தத் தெம்பு இருக்கிறதே! சத்தமே போடாதவனைத்தான் முதலில் மேஜையேற்ற வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு இதைப் பாடம் எடுப்பதே இந்தச் சர்ஜன்தான்.

இன்று?

கர்னல் ஊரைக் கூட்டினார். அவரை ஜீப்பில் கொண்டுவந்த டிரைவரோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “எனக்கு ஒண்ணுமில்ல சார், ஐயாவைப் பாருங்க” என்றான். அவன் உதடு வெளுத்திருந்ததைச் சர்ஜன் பார்த்தார். பார்த்துவிட்டு, கர்னலின் தோளில் மின்னிய நட்சத்திரங்களையும் பார்த்தார்!

“பாவம், நல்ல பையன்...” கர்னல் பெருமூச்சு விட்டார். அடுத்த மூச்சில், “எனக்கு விழுப்புண்ணுன்னு எழுதிடுங்க டாக்டர். மெடலுக்கு ஆகும்.”

“எதிரி எங்கேர்ந்து சுட்டான்?”

“தூரத்து மேட்டுலேர்ந்து. கோழைப் பய!”

“காயத்தைச் சுத்தித் தோல் கருகியிருக்கே கர்னல்? துப்பாக்கியை ஒட்டி வெச்சுச் சுட்டாதான் இப்படிக் கருகும்.”



கர்னல் நிதானமாகச் சிரித்தார்.

“அவன் ஜீப்பைத் திருப்பினான்யா! அடிபட்டுக் கிடக்கிறவனுங்களை ஏத்திக்கணுமாம்... என்னை உள்ள வெச்சுக்கிட்டு! சுட்டேன். அப்புறம் ஒழுங்கா இங்கே ஓட்டிட்டு வந்தான். எதிரி சுட்டான்னு சொல்லணும்னா எனக்கும் லேசா ஒண்ணு வேணாமா?”

“நீங்க ஒரு கொலைகாரர்!”

“நானா? நான் சுட்டேன், அவ்வளவுதான். வயித்துல குண்டோட வந்தவனை வெளியே உட்கார வெச்சுட்டு, என் தொடையில பூவேலை செஞ்சது யாரு? கொன்னது நீ! நீ வாயைத் திறந்தா நானும் திறப்பேன்.”

சர்ஜன் கையுறையைக் கழற்றினார். அந்த ஆள் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட மறுக்க முடியவில்லை.

“சிஸ்டர்... மிலிட்டரி போலீஸைக் கூப்பிடுங்க. ரெண்டு பேரைக் கூட்டிட்டுப் போகணும்னு சொல்லுங்க.”

“ஒருத்தர் போதும் சார்.”

அவள் திரையை முழுக்க விலக்கினாள். வெளியே மிலிட்டரி போலீஸ், எல்லாவற்றையும் கேட்டுவிட்ட முகத்தோடு!

“டிரைவர் உயிரோட இருக்கார். மயக்க ஊசி போடறதுக்கு முன்னாடியே சுட்டது யாருன்னு சொல்லிட்டார். செத்துட்டார்னு நெனச்சாதானே இவர் பயமில்லாமப் பேசுவார்?”

“என்கிட்டயுமா பொய் சொன்னீங்க..?”

“உங்களுக்கும் கொஞ்சம் உறைக்கட்டும்னுதான்.”

உறைத்தது. சர்ஜனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. டிரைவரைக் கிடத்தியிருந்த பக்கத்து லாரிக்கு ஓடினார்.

அங்கே, டிரைவரின் வயிற்றுக்குள் ரத்தக்குழாயை இடுக்கியால் கவ்விப் பிடித்தபடி, வியர்வையில் குளித்துக்கொண்டு நின்றவர்... முகாமின் பல் டாக்டர்!

“வாங்க சார், வாங்க! ரத்தத்தை நிறுத்திட்டேன். மீதியை நீங்க பாருங்க. இதுக்கு மேல எனக்குத் தெரிஞ்சதெல்லாம், வாயைக் கொப்பளிச்சுத் துப்பச் சொல்றதுதான்!”