லிஸ்பனுக்குப் போன காஸ்பர்

இதில் ஒரு வரி பொய்யென்றாலும் என் பல்செட்டை நீங்களே கழற்றிக்கொள்ளலாம். சத்தியம்!

1943. சாந்தோம். காலை பத்து மணி.

நாற்காலியில் ஒரு பிணம் உட்கார்ந்திருந்தது...

கோட்டு, டை, பாலிஷ் போட்ட ஷூ. பெயர் காஸ்பர். ரிட்டயர்டு டிராயிங் வாத்தியார். சுற்றிலும் மனைவி லூயிசாவும் ஆறு பிள்ளைகளும்.

கொலை இல்லை. முந்தின ராத்திரி மாரடைப்பு. அந்தத் தெருக்களில் அப்போது அதுதான் வழக்கம். உயிரோடு இருக்கும்வரை போட்டோவுக்கு யாரும் போக மாட்டார்கள். செத்த பிறகு குளிப்பாட்டி, உடுத்தி, நாற்காலியில் சாத்தி, குடும்பத்தோடு ஒரே ஒரு படம். எடுத்தவர் ஸ்டுடியோ பிரகாசம்.

குற்றம் அடுத்த வாரம்தான் நடந்தது!

யுத்தம் உச்சத்தில் இருந்தது. போர்ச்சுகல் யார் பக்கமும் சேராமல் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. அதை வளைத்துப் போட, பக்கத்து லஸ் வட்டாரத்தில் இருந்த வெள்ளைக்காரப் பிரச்சார ஆபீஸ் ஒரு பத்திரிகை அச்சடித்தது. அதிகாரி ஹென்றி துரை பிரகாசத்தைக் கூப்பிட்டார். போர்ச்சுக்கீசியர் காலத்துக் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்று நம் ஆட்சியில் நிம்மதியாக இருக்கிற படம் வேண்டும். இன்றே!

பிரகாசத்திடம் இருந்ததெல்லாம் சாவுப் படங்கள். அவற்றில் கண் மூட மறுத்தவர் காஸ்பர் ஒருவர்தான்.

கொடுத்துவிட்டார்... பிள்ளைகளின் கண்ணீரை 'ஆனந்தக் கண்ணீர்' என்று படத்துக்குக் கீழே எழுதினார் துரை.

காஸ்பர் லிஸ்பனுக்குக் கப்பலேறினார்!

ஐந்து மாதம் கழித்து ஆபீசில் போன் அலறியது. கோவாவிலிருந்து போர்ச்சுக்கீசிய அதிகாரி ஒருவர் வருகிறார். ஞாயிற்றுக்கிழமை. அந்த நிம்மதியான மனிதரோடு காபி சாப்பிட!

காஸ்பரின் அடக்கத்துக்குப் போய் மண் தள்ளியவர் இன்ஸ்பெக்டர் மெஹபூப் அலி. பத்திரிகையோடு நேராக ஸ்டுடியோவில் நுழைந்தார்.

"இன்னா நைனா, இவரு உயிரோடவா கீறாரு?"

"இப்ப இல்ல சார்."

"எப்பலேர்ந்து?"

"படம் எடுக்கறதுக்கு மொத நாள்லேர்ந்து."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். "யுத்த காலம். நாசவேலைன்னு எழுதுவாங்க. வர்றவரு கண்டுபுடிச்சி தொரை மானம் போச்சின்னா, ஏழு வருசம் நீ உள்ள."

பிரகாசம் லூயிசாவிடம் ஓடினார். காஸ்பரின் தம்பிக்குக் கோட்டு மாட்டி உட்கார வைக்கலாம் என்று கெஞ்சினார்.

"அவனா? அஞ்சு நிமிசம் வாய மூடிக்கினு இருக்க மாட்டான். எங்க வூட்டுக்காரரு அமைதி அவனுக்கு வருமா?"

"ஏழு வருசம்க்கா..."

"உள்ளத நானே சொல்லிடறேன். நீ அழுதுகினு நிக்காத. போயி பால் வாங்கியா."

ஞாயிறு காலை. வாசலில் மெஹபூப் அலி, கையில் விலங்கு. உள்ளே ஒன்றும் தெரியாத ஹென்றி துரை, முகமெல்லாம் பல். பிரகாசம் கதவுக்குப் பின்னால்.

லூயிசா கான்வென்ட்டில் வேலை பார்த்தவள். இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு. விருந்தாளி முன் காபியை வைத்துவிட்டு, என் புருஷன் வர மாட்டார், அவர் செத்து ஐந்து மாதம் ஆகிறது, படத்திலும் செத்துத்தான் இருக்கிறார் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

துரையின் பற்கள் மறைந்தன. விலங்கு கிலுங்கியது...

"தெரியும்," என்றார் விருந்தாளி.

அவர் ஊரிலும் செத்தவர்களை இப்படி உட்கார வைத்துத்தான் படம் எடுப்பார்களாம். பார்த்தவுடனே புரிந்துவிட்டதாம்.

"பிறகு ஏன் வந்தீர்கள்?" என்றார் துரை.

"நீங்கள் இரண்டு பக்கத்துக்காரர்களும் எங்களுக்கு ஆயிரம் சிரித்த முகங்களை அனுப்பினீர்கள். எல்லாம் நடிப்பு. நடிக்காதவர் இவர் ஒருவர்தான். துக்கம் விசாரிக்க வந்தேன்."

காபியைக் குடித்து முடித்தார். லூயிசாவை வணங்கினார். லிஸ்பனில் அந்தப் பத்திரிகையைத்தான் எல்லோரும் தேடிப் படிக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவ்வளவுதான்! துரை விலங்கைத் தள்ளிவிட்டுப் பிரகாசத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அடுத்த இதழுக்கு இன்னும் நாலு நிம்மதியான ஆட்கள் வேண்டுமாம்.

இவ்வளவையும் எனக்கு விலாவாரியாகச் சொன்னவர், 1947-ல், காஸ்பர்.