லெஃப்ட் என்றால் என்ன?

தந்தி என்றாலே ஆவடி குவார்ட்டர்ஸில் எல்லோருக்கும் பயம். அது நல்ல சேதி கொண்டுவந்ததாக யாருக்கும் நினைவில்லை.

அன்று காலை லோகநாயகி அக்காவுக்கு ஒன்று வந்தது. அவள் கணவர் வேலைக்குப் போயிருந்தார். மற்றபடி அந்த வரிசையில் இங்கிலீஷ் மேதை என்றால் பக்கத்து வீட்டு ஆறாம் வகுப்பு ஜமீலாதான்.

"கோவில்பட்டியில இருந்து தம்பி குடுத்திருக்கான். வாசி தாயி," என்றாள் அக்கா. தந்தியை அவளிடம் நீட்டினாள்.

மூன்றே வார்த்தை. ஃபாதர் லெஃப்ட் யெஸ்டர்டே.

"ஃபாதர்னா அப்பா. யெஸ்டர்டேன்னா நேத்து. லெஃப்ட்..." ஜமீலா யோசித்தாள். டிரில் வகுப்பில் தினமும் லெஃப்ட், ரைட் என்றுதானே நடக்கிறோம். "லெஃப்ட்னா இடதுக்கா."

"ஐயோ, எங்க அய்யாவுக்கு இடது கை கால் விழுந்துட்டா?"

பயந்துபோன ஜமீலா வீட்டுக்கு ஓடி அகராதியை எடுத்து வந்தாள். லீவ் என்ற சொல்லின் இறந்தகாலமாம் லெஃப்ட். விடு, நீங்கு, பிரி, புறப்படு என்று வரிசையாகப் பொருள் போட்டிருந்தது. 'பிரி' என்பதை அவள் வாய்விட்டுப் படித்திருக்கக் கூடாது.

"உயிர் பிரிஞ்சிட்டா?" அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு அழுதுகொண்டே பையில் புடவைகளைத் திணித்தாள். எழும்பூர் போய்ச் சாயங்கால ரயிலைப் பிடிக்க வேண்டும்.

ஜமீலா தந்தியை மறுபடியும் படித்தாள். அவளுடைய தாத்தா இறந்தபோது வந்த தந்தியில் 'ஸ்டார்ட் இமிடியட்லி' என்று இருந்தது. உடனே கிளம்பு என்று அர்த்தம். இதில் அது இல்லையே. அப்படியானால் கிளம்பியது அக்காவின் அப்பாதானோ?

சொல்லலாமா? தப்பாகிவிட்டால் அக்கா தன் அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாது. சொல்லாவிட்டால், வருகிற மனிதர் பூட்டிய கதவின் முன்னால் தவிப்பார்.

"போவாதக்கா. கெட்ட சேதின்னா ஒன்ன கெளம்பி வரச் சொல்லியிருப்பாங்க. இதுல சொல்லல. ஒங்கப்பாதான் கெளம்பி வந்துகினு கீறார்னு நெனைக்கிறேன்."

"நெனைக்கிறியா, நிச்சயமாத் தெரியுமா?"

"நெனைக்கிறேன்," என்றாள் ஜமீலா. பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

அக்கா அவளையே பார்த்தாள். "சரி, ரெண்டு மணி வரைக்கும் பாக்கேன்."

இருவரும் சாப்பிடவில்லை. இரண்டு மணி அடித்தது. அக்கா பையைத் தூக்கினாள். ஜமீலா அழுதுவிட்டாள்.

அப்போதுதான் யாரோ கதவைத் தட்டினார்கள். வேர்க்க விறுவிறுக்க ஒரு பெரியவர் மூட்டையோடு நின்றார்.

"டேசனுக்கு ஒருத்தரும் வரலையே தாயி. தந்தி கிடைக்கலையா?"

அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள். பெரியவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"அங்க கண்ணக் கசக்கிட்டு நிக்கே, அது யாரு புள்ள?"

"ஒங்களப் பொழைக்க வச்ச புள்ளய்யா," என்றாள் அக்கா.