எட்டு அரக்குப் பொட்டுகள்

"தெருவுல நிறுத்தி வச்சு வாய மோந்து பாத்தாவ, ஐயா!" என்று சொல்லிவிட்டு எலிசாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

திருக்கொச்சி ராஜ்யம் உண்டாகி நாலாவது வருஷம். பழவங்காடியில், ஓய்வு பெற்ற எக்ஸைஸ் இன்ஸ்பெக்டர் அழகியநம்பியின் வீட்டு முன்னறை. முப்பது வருஷம் கள்ளச் சாராயம் பிடித்தும் ஒரு சொட்டு நாக்கில் படாத மனிதர் அவர். எதிரே சாலைக் கடைத்தெரு பூதலிங்கம். வழக்கு என்று காதில் விழுந்தால் போதும், ஸ்டேஷனரிக் கடையைப் போட்டது போட்டபடி ஓடி வந்துவிடுவார். யாரைக் கண்டாலும் சந்தேகப்படுவார். இப்போதும் எலிசாளை ஓரக்கண்ணால் பார்த்து, மூக்கை ஒருமுறை உறிஞ்சிப் பார்த்தார்.

அவள் வலியசாலையில் சரஸ்வதியம்மாள் வீட்டில் இருபது வருஷமாக வேலை செய்பவள். அம்மாளின் கணவர் சிவதாணு ஏலக்கடை நடத்தியவர். பொன்முடித் தேயிலைத் தோட்டத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பியபோது, ஐம்பது வருஷப் பழைய ஸ்காட்ச் விஸ்கிப் புட்டிகள் மூன்றை ஏலத்தில் எடுத்து, திறக்காமலே அலமாரியில் வைத்திருந்தார். போன வருஷம் காலமாகிவிட்டார். நாளை கொச்சியிலிருந்து ஒருவர் வாங்க வருகிறார். முத்திரை கலையாமல் இருந்தால் புட்டிக்கு ஐந்நூறு ரூபாய். அம்மாளின் தம்பி மகன் திரவியம் நேற்று எடுத்துப் பார்த்தான். ஒன்று நிறைந்திருந்தது, மற்ற இரண்டும் கழுத்தில் ஒன்றரை விரற்கடை குறைந்திருந்தன. அலமாரிச் சாவியோ எலிசாளின் இடுப்பில்; அம்மாள் அவளைத்தான் தெருவில் நிறுத்தி வாயை மோந்து பார்த்தாள்.

"மூணும் ஒண்ணுபோலக் குறைஞ்சுதான் இருந்துது, ஐயா. துடைக்கியவ நானாக்கும். ஆரு கேக்கா? போன வாரம் திரவியமும் சாவிய வாங்கி மறுநாளுதான் தந்தாரு. இப்பம் சாயங்காலம் என்னையப் போலீஸுல பிடிச்சுக் குடுப்பேங்காரு."

அழகியநம்பி குடையை எடுத்தார். வழி நெடுக பூதலிங்கம் கிசுகிசுத்தார்: "குடிச்சவ தானா வந்து சொல்லுவாளா, அண்ணாச்சி? ஆனா அதுவே ஒரு தந்திரமா இருந்தா?"

சரஸ்வதியம்மாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வரவேற்றாள். எலிசாள் வாசலோடு நின்றுவிட்டாள். கப்பல் ஏஜென்சியில் பார்சல் குமாஸ்தாவான திரவியம் காப்பியை இடது கையால் வாங்கினான். வலது ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தது. "பால் பாத்திரம் சுட்டுட்டு," என்றான்.

அழகியநம்பி புட்டிகளைப் பின்பக்கமாகத் திருப்பினார். ஒவ்வொன்றின் கழுத்திலும், ஒன்றன் கீழ் ஒன்றாகச் சிவப்புப் பொட்டுகள்.

"ஆயுத பூசைப் பொட்டாக்கும்," என்றாள் சரஸ்வதியம்மாள். "சந்தனம் உதிர்ந்து போகும்னு, ஏலச் சரக்குக்கு வைக்கிய அரக்கையே உருக்கி வருஷத்துக்கு ஒண்ணு வைப்பாவ. அறைக்கதவச் சாத்திட்டுத் தனியா வைப்பாவ."

பூதலிங்கம் அவசரமாக எண்ணினார். மூன்றிலும் எட்டெட்டு. துப்பு கிடைக்காமல் அவர் முகம் தொங்கிப் போனது.

"மூடி அரக்கு உடையலியே, திரவியம்? பின்னே எப்பிடிக் குடிச்சா?" என்று கேட்டார் அழகியநம்பி.

"ஊசி போட்டு உறிஞ்சியிருப்பா."

அழகியநம்பி சிரிக்கவில்லை. "பூதலிங்கம், பூசைப் பொட்டுன்னா எதுக்கு வருஷா வருஷம் கீழ இறங்கணும்? எத்தனை இறுக்கி அடைச்சாலும் கார்க்கு வழியா விஸ்கி கொஞ்சங் கொஞ்சமா ஆவியாப் போகும். நம்ம ஊர்ச் சூட்டுல வருஷத்துக்கு ஒரு நெல்லளவு. சரக்கு நிக்கிய மட்டத்துலதான் சிவதாணு பொட்டு வச்சிருக்காரு. இந்த ரெண்டுலயும் எட்டாம் பொட்டுக்கு ஒரு நெல்லளவு கீழ நிக்குது. அவரு போயும் ஒரு வருஷம் ஆச்சு. இத ஒருத்தரும் குடிக்கல. இனி அந்த நிறைஞ்ச குப்பியப் பாரும்."

பூதலிங்கம் குனிந்தார். எட்டுப் பொட்டுகளுக்கும் மேலே விஸ்கி நின்றது.

"குறையும், அண்ணாச்சி... கூடாதே!" என்று கத்தினார். "அப்பம் இதாக்கும் கள்ளக் குப்பி!"

"போன வாரம் சாவிய வாங்கி, அசலை எடுத்துட்டு இந்தக் குப்பிய வச்சவன் திரவியமாக்கும்," என்றார் அழகியநம்பி. "மட்டத்துக்கு வச்ச பொட்டுன்னு தெரியாம, பூசைப் பொட்டுன்னு நினைச்சு எட்டு எண்ணி வச்சிருக்கான். நேத்து மூணையும் சேத்து வச்சப்பதான் மட்டம் ஒக்கலன்னு கண்டிருக்கான். கள்ளக் குப்பியத் தொறந்து சரக்கக் குறைக்க நேரமில்ல. அதுனால நல்லது ரெண்டையும் குடிச்சதா ஆக்கிட்டான். பழி போட ஒருத்தியும் இருந்தா. திரவியம், அந்தத் துணிய அவுத்துக் காட்டும். பால் சுட்டாக் கொப்புளம்தான் இருக்கும். உருக்கின அரக்கு சுட்டா சிவப்பு ஒட்டியிருக்கும்."

திரவியம் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். அதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை. அசல் புட்டி அவனுடைய ஆபீஸ் மேஜைக்குள் இருந்தது. பூதலிங்கமே கூடப் போய் வாங்கி வந்தார்.

சரஸ்வதியம்மாள் வாசல் பக்கம் திரும்பினாள். "எலிசா, உள்ள வா. தப்பு எனக்கதாக்கும். மன்னிச்சுக்கோ," என்றாள்.

எலிசாள் வாசலை விட்டு அசையவில்லை. "மோந்து பாத்தது தெருவுல, அம்மா. மன்னிப்பு மட்டும் வீட்டுக்குள்ளயா?"

அம்மாளின் முகம் சிவந்தது. திட்டப் போகிறாள் என்றே பூதலிங்கம் நினைத்தார். அவள் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படியிறங்கி, நடுத்தெருவில் போய் நின்றாள். குழாயடிப் பெண்கள் குடத்தை விட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

"எலிசா குடிக்கல!" என்றாள் உரக்க. "திருடினது எனக்க தம்பி மவனாக்கும்." இரண்டாவது வாக்கியத்தில் குரல் உடைந்துவிட்டது.

எலிசாள் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். காலையில் தானும் மூக்கை உறிஞ்சியது பூதலிங்கத்துக்கு நினைவு வந்தது. எலிசாள் பக்கம் பார்க்கக் கூசி, மழையே இல்லாத தெருவில் அண்ணாச்சியின் குடையை விரித்துப் பிடித்தபடி நடந்தார்.