சுருட்டி வைத்த முப்பது மீட்டர்

"யாருங்க அது, குழிக்குள்ள?"

கையில் குடை இருந்தும் விரிக்கத் தோன்றாமல் ஓடிவந்தவள், அலுவலக வாசலில் திறந்து கிடந்த கேபிள் குழியை எட்டிப் பார்த்துக் கத்தினாள். உள்ளேயிருந்து ஒரு தலை நிமிர்ந்தது. மழை சொட்டும் இமைகள்... அவற்றுக்குள் சிரிக்கும் இரண்டு கண்கள். திட்ட வந்தவளின் குரல் தானாகவே தணிந்தது.

"ஜாயின்ட் போடுறவன்ங்க. திருடன் இல்ல."

"சொல்லிட்டு இறங்கக் கூடாதா? மாடியில என் ஸ்கிரீன் பூராவும் சிவப்பு! நீங்க தட்டின ஒவ்வொரு தட்டும் தெரியுது."

"இந்தக் கேபிளுக்குள்ள கண்ணாடி நூல்ல வெளிச்சம்தானே ஓடுது? சத்தம் எப்படிங்க தெரியும்?"

"சத்தம் பட்டா நூல் துளியூண்டு நெளியும். உள்ள போன வெளிச்சம் கொஞ்சம் மாறித் திரும்பி வரும். எத்தனாவது மீட்டர்ல சத்தம்னு மெஷின் சொல்லிடும்."

"அப்போ நான் பாடினா?"

"வேண்டாங்க... மெஷின் புதுசு."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். "முப்பது மீட்டர் கேபிள் கூடுதலா சேர்த்து இங்க சுருட்டி வெச்சிருக்கேன். இதுக்கு அப்புறம் மெஷின் காட்டுற தூரத்துல எல்லாம் முப்பதைக் கழிச்சுக்கோங்க. மறந்துடாதீங்க."

அவள் தலையாட்டினாள். எதற்குத் தலையாட்டினோம் என்பது மாடிப்படி ஏறும்போதே மறந்துபோனது. அந்தக் கண்கள் மட்டும் கூடவே ஏறி வந்தன.

மறுநாளிலிருந்து, வேலைக்குப் போகும் வழியில் அவன் அந்தக் குழியின் மூடியை இரண்டு முறை தட்டிவிட்டுப் போனான். திரையில் இரண்டு சின்ன முகடுகள். அவளுக்கு அன்றைய பொழுது அப்போதுதான் விடியும்...

ஆறாவது வாரம் சாலையில் யாரோ தோண்டி கேபிளை அறுத்தார்கள். 1240ஆவது மீட்டர் என்றது மெஷின். சாலையில் அந்த இடத்தில் வேலை செய்துகொண்டிருந்தவன் அவன். மனம் பதைத்தாலும் மெஷின் சொன்னதையே அறிக்கையில் எழுதினாள்.

"நான் தோண்டலீங்க," என்று மட்டும் சொன்னான். அன்றே அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்துத்தான் அந்த முப்பது அவள் நினைவுக்கு வந்தது. அப்படியென்றால் அறுந்தது 1210... தண்ணீர்க் குழாய்க்காரர்கள் தோண்டிய இடம்! அழுதுகொண்டே அப்பாவிடம் சொன்னாள்.

"வேலைல சேர்ந்து ஆறு மாசம் கூட ஆகல. வாயை மூடிட்டு இரும்மா," என்றார் அப்பா. தப்பு செய்தவள் என்ற பெயர் தனக்கா? அவள் வாயை மூடிக்கொண்டாள். அப்பாமேல் பழி போட அவளுக்கு வாயில்லை... மூடியது அவள் வாய்தானே.

நான்கு மாதம் கழித்து ஒரு மழைக் காலையில், திரையில் இரண்டு முகடுகள்.

இந்த முறை குடையே இல்லாமல் ஓடினாள். வேறு கம்பெனிச் சட்டையில் அவன் நின்றிருந்தான்.

"முப்பதை நான்தான் கழிக்கல. உங்க மேல தப்பே இல்ல..." மூச்சு வாங்கியது.

"தெரியும்ங்க. சுருட்டி வெச்சதே நான்தானே?"

"அப்போ ஏன் சொல்லல?"

"சொன்னா உங்க வேலை போயிருக்கும். நீங்களே சொல்லுவீங்கன்னு தினமும் எதிர்பார்த்தேன்."

"எனக்கு உங்களைப் பிடிக்கும். அன்னிக்குக் குழியில பார்த்தப்பவே... தினமும் அந்த ரெண்டு தட்டுக்காகத்தான் சீக்கிரமே வருவேன்."

அவன் கண்கள் கலங்கின. இந்த முறை அவற்றில் சிரிப்பு இல்லை.

"நான் தட்டினா உங்களுக்குத் தெரியும். நீங்க சும்மா இருந்தா எனக்கு எப்படிங்க தெரியும்? போன வாரம் நிச்சயம் ஆயிடுச்சு. நல்ல பொண்ணு... என்னை நம்பி இருக்கா. இந்த வழியை விட்டுப் போறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு தடவை தட்டத் தோணுச்சு, அவ்வளவுதான்."

மாடிக்கு வந்து, ஈரக் கையோடு அறிக்கையைத் திருத்தி மேலதிகாரிக்கு அனுப்பினாள். தவறு என்னுடையது என்று முதல் வரியிலேயே எழுதினாள். திரையில் அவனுடைய காலடிகள் சாலையோடு போய்க்கொண்டிருந்தன. 410... 425... 440...

முகடுகள் அடங்கிக் கோடு சமமாகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு எண்ணிலும் முப்பதைக் கழித்துக்கொண்டு.